இரும்புக்கை மாயாவியும் கோத்தம் நகரமும்: கன்சோலில் சூப்பர் ஹீரோ ஆன்லைன் விளையாட்டுகளின் கதை

சென்ற முறை சோழர் கால ஏரிகளைப் பற்றி எழுதியிருந்தேன். "பரீட்சைக்குப் படிக்கிற மாதிரியே இருக்குடா" என்று வகுப்பில் ஒருவன் வருத்தப்பட்டான். அவனுக்காகவே இந்தத் தலைப்பு. ஆனால் இதுவும் வரலாற்றுக் கட்டுரைதான், தப்பிக்க முடியாது :-)

முதலில், விஷயம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். ஒரே விளையாட்டு உலகத்துக்குள் ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் நுழைந்து, ஆளுக்கொரு பாத்திரத்தை உருவாக்கி, மாதக்கணக்கில் வருடக்கணக்கில் அதை வளர்த்துக்கொண்டே போகிற விளையாட்டு வகை ஒன்று உண்டு. நாம் கணினியை அணைத்துவிட்டாலும் அந்த உலகம் நிற்காது. நாம் தூங்கும்போதும் அங்கே யாரோ சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள். இதன் மூதாதை 1978ல் இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா, ரிச்சர்ட் பார்ட்டில் என்ற இரண்டு மாணவர்கள் எழுதிய 'மட்' என்கிற விளையாட்டு. படமே கிடையாது, வெறும் எழுத்துதான். "வடக்கே போ" என்று தட்டச்சு செய்தால் வடக்கே போவீர்கள். அதிலிருந்து 1997ல் 'அல்டிமா ஆன்லைன்', 1999ல் 'எவர்குவெஸ்ட்', 2004ல் 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' என்று வளர்ந்தது. இவற்றில் எல்லாம் ஒரே மாதிரி ஆட்கள்: வாள், கேடயம், மந்திரக்கோல், நீண்ட தாடி. முகமூடியும் மேலங்கியும் மாட்டியவர்களுக்கு இடமில்லை.

தமிழ் வாசகர்களுக்கோ முகமூடிக்காரர்கள் ரொம்பப் பழக்கம். 1972ல் சிவகாசியில் சௌந்திரபாண்டியன் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் இதழே 'இரும்புக்கை மாயாவி'தான். ஆள் இங்கிலாந்துக்காரர். 'வேலியண்ட்' என்ற வார இதழில் 1962ல் பிறந்தவர். உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் மறைந்துவிடுவார், இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும். 1984 ஜூலையில் லயன் காமிக்ஸ் வந்தது. அதே மாதம் தினத்தந்தி குடும்பத்திலிருந்து ராணி காமிக்ஸும் வந்தது. லயனின் பெரிய நட்சத்திரம் ஸ்பைடர். சிலந்தி மனிதனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், இவர் வேறு. கூர்மையான காது, முதுகில் பறக்கும் கருவி, கையில் வலைத் துப்பாக்கி. முதலில் குற்றவாளிகளின் சக்கரவர்த்தி ஆக ஆசைப்பட்ட வில்லன், பிறகு மனம் மாறி ஹீரோ ஆனவர். இந்த ஸ்பைடரின் கதைகளில் பலவற்றை எழுதியவர் ஜெர்ரி சீகல். ஆமாம், ஜோ ஷூஸ்டரோடு சேர்ந்து சூப்பர்மேனைப் படைத்த அதே சீகல்! அமெரிக்காவில் தன் படைப்பின் உரிமையை இழந்து வழக்கு வழக்காக அலைந்தவர், 1960களில் பிரிட்டிஷ் பத்திரிகைக்கு எழுதிய கதைகள் சிவகாசி வழியாக நம் தாத்தா, அப்பா கைகளுக்கு வந்திருக்கின்றன. படைத்தவனுக்கே படைப்பு சொந்தமில்லை என்கிற இந்த விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரை முழுக்க அது திரும்பத் திரும்ப வரும்.

சரி, விளையாட்டுக்கு வருவோம். 2004 ஏப்ரலில் கலிஃபோர்னியாவைச் சேர்ந்த க்ரிப்டிக் ஸ்டுடியோஸ் உருவாக்கி, கொரியாவின் என்சிசாஃப்ட் நிறுவனம் வெளியிட்ட 'சிட்டி ஆஃப் ஹீரோஸ்' வந்தது. சூப்பர் ஹீரோக்களுக்கான முதல் பெரிய ஆன்லைன் உலகம் இதுதான். களம், பாரகன் சிட்டி என்ற கற்பனை நகரம். இதன் பெரிய கவர்ச்சி சண்டையல்ல, ஆடை அலங்காரம். தலை, தோள், பூட்ஸ், முகமூடி, இறக்கை, வால் என்று நுணுக்கி நுணுக்கி ஒரு ஹீரோவை உருவாக்கலாம். சண்டைக்கே போகாமல் மணிக்கணக்கில் ஆடை தைத்துக்கொண்டிருந்தவர்கள் ஏராளமாம்.

ஆடை அலங்காரத்தால் வம்பும் வந்தது. 2004 நவம்பரில் மார்வெல் நிறுவனம் வழக்குப் போட்டது. "உங்கள் விளையாட்டில் எவன் வேண்டுமானாலும் எங்கள் ஹல்க், வுல்வரின் மாதிரி ஒரு ஆளை உருவாக்கிவிடலாம், ஆகவே இது காப்புரிமை மீறல்" என்பது வாதம். இதில் சுவாரசியமான இடம் ஒன்று உண்டு. மார்வெல் சான்றாகக் கொடுத்த சில பாத்திரங்களை உருவாக்கியதே மார்வெல் தரப்பு ஆட்கள்தான் என்று தெரியவந்து, நீதிமன்றம் அந்தச் சான்றுகளைத் தள்ளிவைத்தது! 2005 டிசம்பரில் இரு தரப்பும் சமரசம் ஆனார்கள். விளையாட்டு பெரிதாக மாறவில்லை. வடிவேலு காமெடி மாதிரி இருந்தாலும் கேள்வி சின்னதல்ல: பென்சில் விற்பவன், அந்தப் பென்சிலால் யாரோ வரையும் படத்துக்கும் பொறுப்பாளியா? தீர்ப்பு வருமுன் சமரசம் ஆகிவிட்டதால் பதில் கிடைக்காமலே போயிற்று.

இவ்வளவும் கணினியில். கன்சோலில் இந்த வகை விளையாட்டைக் கொண்டுவருவது தலைவலி பிடித்த வேலை. கணினியில் நூறு விசைகள், கன்சோல் கைப்பிடியில் பத்துப் பன்னிரண்டு பட்டன். கணினியில் ஹார்ட் டிஸ்க் உண்டு, பழைய கன்சோல்களில் கிடையாது. கணினி விளையாட்டுக்கு ஒரு திருத்தம் எழுதினால் அன்றே போட்டுவிடலாம், கன்சோலில் அந்தப் பெட்டியைச் செய்த நிறுவனம் பரிசோதித்து அனுமதி கொடுக்கும்வரை காத்திருக்க வேண்டும். 2000 டிசம்பரில் சேகா ட்ரீம்காஸ்டில் வந்த 'ஃபேண்டஸி ஸ்டார் ஆன்லைன்' ஒரு நல்ல தொடக்கம், ஆனால் ஒரு குழுவுக்கு நான்கு பேர்தான். 2002ல் ஜப்பானில் ப்ளேஸ்டேஷன் 2க்கு 'ஃபைனல் ஃபேண்டஸி 11' வந்தது. அதை ஆட ஹார்ட் டிஸ்க் ஒன்றைத் தனியாக வாங்கிச் செருக வேண்டும். 2003ல் சோனியே 'எவர்குவெஸ்ட் ஆன்லைன் அட்வென்ச்சர்ஸ்' கொண்டுவந்தது. கன்சோலிலும் இது முடியும் என்று காட்டியவை இவை. ஆனால் இங்கும் வாளும் தாடியும்தான்.

முகமூடியைக் கன்சோலுக்குக் கொண்டுவர முதலில் முயன்றது மைக்ரோசாஃப்ட். 2006ல் 'மார்வெல் யுனிவர்ஸ் ஆன்லைன்' என்று எக்ஸ்பாக்ஸ் 360க்கு அறிவித்தார்கள். செய்யப்போவது யார் தெரியுமா? க்ரிப்டிக்! வழக்கு முடிந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, அதே மார்வெலின் விளையாட்டை அதே க்ரிப்டிக் செய்யப் புறப்பட்டது. 2008 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் அதைக் கைவிட்டது. செய்த வேலையை வீணாக்க மனமில்லாத க்ரிப்டிக், 'சாம்பியன்ஸ்' என்ற பழைய மேசை விளையாட்டின் உரிமையை வாங்கி, 2009 செப்டம்பரில் 'சாம்பியன்ஸ் ஆன்லைன்' என்று வெளியிட்டது. அதற்கும் எக்ஸ்பாக்ஸ் வடிவம் வரும் என்றார்கள். வரவேயில்லை.

ஆக, கன்சோலில் முதலில் பறந்தது சூப்பர்மேன் கட்சிதான். 2011 ஜனவரி 11 அன்று சோனி ஆன்லைன் எண்டர்டெய்ன்மெண்டின் 'டிசி யுனிவர்ஸ் ஆன்லைன்' கணினிக்கும் ப்ளேஸ்டேஷன் 3க்கும் ஒரே நேரத்தில் வெளியானது. படைப்புத் தலைமை, புகழ்பெற்ற காமிக்ஸ் ஓவியர் ஜிம் லீ. கதையில் மார்வ் வுல்ஃப்மேன், ஜெஃப் ஜான்ஸ் ஆகியோரின் பங்கு உண்டு. பேட்மேனுக்குக் குரல் கெவின் கான்ராய், ஜோக்கருக்கு மார்க் ஹாமில். தொண்ணூறுகளின் பேட்மேன் கார்ட்டூனில் பேசிய அதே ஜோடி.

கதை இப்படி: எதிர்காலத்தில் ஹீரோக்களும் வில்லன்களும் ஒருவரையொருவர் அடித்துக்கொண்டு அழிந்துபோகிறார்கள். பிரைனியாக் என்ற வேற்றுக்கிரக இயந்திரம் நோகாமல் வந்து பூமியை எடுத்துக்கொள்கிறது. எஞ்சிய லெக்ஸ் லூதர் காலத்தில் பின்னோக்கி வந்து, ஆட்களுக்கு சக்தி கொடுக்கும் நுண்கருவிகளைக் காற்றில் அவிழ்த்துவிடுகிறான். சாதாரண மனிதர்கள் திடீரென்று சக்தி பெறுகிறார்கள். அந்தச் சாதாரண மனிதன்தான் நீங்கள். சூப்பர்மேனாக நீங்கள் ஆட முடியாது. அவரிடம் வேலை கற்றுக்கொள்ளும் புதுப் பையனாக ஆடலாம். இந்த இடத்தில் கதைக்காரர்கள் கெட்டிக்காரர்கள் என்பேன். ஆயிரம் பேர் ஆடும் ஊரில் ஆயிரம் பேட்மேன் இருந்தால் அது கோத்தம் நகரம் ஆகாது, மாறுவேடப் போட்டி ஆகிவிடும்.

ஹீரோவா வில்லனா என்பதை முதலிலேயே தேர்ந்தெடுக்க வேண்டும். ஹீரோ என்றால் சூப்பர்மேன், பேட்மேன், வொண்டர் வுமன் ஆகிய மூவரில் ஒருவர் குரு. வில்லன் என்றால் லூதர், ஜோக்கர், சர்சி. தொடக்கத்தில் ஆறு சக்திகள்: நெருப்பு, பனி, மனோசக்தி, இயற்கை, மாந்திரீகம், கருவிகள். இடம்பெயர மூன்று வழி: பறப்பது, அதிவேகமாக ஓடுவது, சுவரேறித் தாவுவது. ஹீரோக்களின் கூடாரம் விண்வெளியில் சுற்றும் வாட்ச்டவர். இரண்டு பேர், நான்கு பேர், எட்டுப் பேர் என்று கூட்டணி அமைத்துப் போக வேண்டிய சண்டைகள் உண்டு. ஒருவர் அடி வாங்க, ஒருவர் குணப்படுத்த, ஒருவர் மற்றவர்களின் சக்தி தீராமல் பார்த்துக்கொள்ள, மிச்சப் பேர் அடிக்க.

கன்சோலுக்கென்றே யோசித்துச் செய்திருந்ததுதான் இதன் தனித்தன்மை. வழக்கமாக இந்த வகை விளையாட்டுகளில் எதிரியைத் தேர்ந்தெடுத்துவிட்டு, முப்பது பட்டன்களில் ஒன்றை அழுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். இங்கே அடி என்றால் அடி. பட்டனைத் தட்டினால் ஒரு குத்து, பிடித்தால் வேறு குத்து, இரண்டையும் கலந்தால் தூக்கி எறிதல். தெருவில் நிற்கும் காரைத் தூக்கி எதிரி மேல் போடலாம். சக்திகள் எத்தனை கற்றாலும் ஒரு நேரத்தில் ஆறுதான் கையில். கைப்பிடியின் பின்பக்க விசையைப் பிடித்துக்கொண்டு முன்பக்கப் பட்டனை அழுத்தினால் அவை வரும். கணினிக்காரர்கள் "இது என்ன, சண்டை கேம் மாதிரி இருக்கிறது" என்று முகம் சுளித்தார்கள். கன்சோல்காரர்களுக்கு அதுவே பிடித்தது. அவர்களுக்கு நிஜமான குறை அரட்டை அடிப்பதில்தான். கைப்பிடியால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி "உதவிக்கு வாருங்கள்" என்று தட்டி முடிப்பதற்குள் ஆள் செத்திருப்பார்.

விளையாட்டு வந்து நூறே நாளில் பேரிடி. 2011 ஏப்ரலில் யாரோ ப்ளேஸ்டேஷன் நெட்வொர்க்குக்குள் புகுந்துவிட்டார்கள். ஏப்ரல் 20 அன்று சோனி மொத்த வலையமைப்பையும் இழுத்து மூடியது. 7 கோடியே 70 லட்சம் கணக்குகளின் விவரங்கள் அம்பலமாகியிருக்கலாம் என்று அறிவித்தது. மே 2 அன்று சோனி ஆன்லைன் எண்டர்டெய்ன்மெண்டும் மூடப்பட்டது, அங்கே இன்னும் 2 கோடியே 46 லட்சம் கணக்குகள். மே நடுவில்தான் திரும்பத் திறந்தார்கள். மற்ற விளையாட்டுகளை வைத்திருந்தவர்கள் தனியாளாகவாவது ஆடிக்கொண்டிருந்தார்கள். டிசி யுனிவர்ஸ் வாங்கியவர்கள் கையில் இருந்தது ஒரு வட்டமான பிளாஸ்டிக். காசு கொடுத்து வாங்கிய டிஸ்க், மாதச் சந்தா 14.99 டாலர் கட்டிய கணக்கு, மூன்று மாதம் உழைத்து வளர்த்த ஹீரோ, மூன்றும் ஒரே நாளில் கைக்கு எட்டாமல் போயின. நட்ட ஈடாக 30 நாள் இலவசமும், மூடிய ஒவ்வொரு நாளுக்கும் ஒரு நாளும் கொடுத்தார்கள். கூடவே பேட்மேன் பாணியில் ஒரு முகமூடி! கடன் அட்டை எண் திருட்டுப் போயிருக்குமோ என்று பயந்துகொண்டிருந்தவனுக்கு முகமூடி கொடுத்த நகைச்சுவை உணர்வை என்னவென்று சொல்ல.

இப்போது நம் பக்கம் வருவோம். இதையெல்லாம் எங்கள் வரதராஜன்பேட்டை மாதிரி ஊரில் உட்கார்ந்து ஆடியிருக்க முடியுமா? முந்திரிக்காடும் மாதா கோயிலும் பள்ளிக்கூடமுமாக இருக்கும் பேரூராட்சி. கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

ப்ளேஸ்டேஷன் 3 இந்தியாவுக்கு 2007 ஏப்ரலில் வந்தபோது விலை 39,990 ரூபாய். அதற்கு முந்தைய செப்டம்பரில் வந்த எக்ஸ்பாக்ஸ் 360ன் குறைந்த விலை வடிவம் 19,990. அரியலூர் இரண்டாம் முறையாகத் தனி மாவட்டம் ஆனதும் அதே 2007 நவம்பரில்தான் (2001ல் ஒரு முறை பிரித்து, 2002ல் திரும்பப் பெரம்பலூரோடு சேர்த்துவிட்டார்கள்). புதிய மாவட்டத்தின் ஒரு பேரூராட்சியில் நாற்பதாயிரம் ரூபாய்க்கு விளையாட்டுப் பெட்டி வாங்கும் வீடு எத்தனை இருந்திருக்கும், நீங்களே சொல்லுங்கள்.

பெட்டி கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அடுத்தது இணையம். பிஎஸ்என்எல் பிராட்பேண்ட் 2005 ஜனவரியில் தொடங்கியபோது வேகம் 256 கிலோபிட். அன்றைக்கு இந்தியாவில் 'பிராட்பேண்ட்' என்று சொல்லிக்கொள்ள அரசு வைத்த கீழ் வரம்பே அதுதான். 2013ல்தான் அதை 512 ஆக உயர்த்தினார்கள். இந்த விளையாட்டு பத்து ஜிபிக்கு மேல். பத்து ஜிபி என்றே வைத்து 256 கிலோபிட் வேகத்தில் இறக்கினால் ஏறக்குறைய 87 மணி நேரம். பகலில் இறக்கினால் பில் எகிறிவிடும். அதனால் பிஎஸ்என்எல் காலத்து அண்ணன்மார்கள் எல்லோருக்கும் மறக்காத ஒரு நேரம் உண்டு: இரவு 2 மணி முதல் காலை 8 மணி வரை, அளவில்லா இலவசம். அலாரம் வைத்து எழுந்து டவுன்லோடு போட்டுவிட்டுத் திரும்பப் படுப்பார்கள். அந்த ஆறு மணி நேரக் கணக்கில் பார்த்தால் பதினைந்து இரவு. இணைப்பு ஒரு முறைகூட அறுந்துபோகாமல் இருந்தால்!

அடுத்தது தூரம். நீங்கள் பட்டனை அழுத்தும் செய்தி அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ இருக்கும் சர்வருக்குப் போய்த் திரும்ப வேண்டும். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். சென்னையிலிருந்து நியூயார்க் நேர்கோட்டிலேயே 13,000 கிலோமீட்டருக்கு மேல். போய் வர, எந்தத் தடையும் இல்லாவிட்டாலும் 135 மில்லிநொடி ஆகும். கடலடிக் கேபிள் நேர்கோட்டில் போவதில்லை, வழியில் பல சந்திப்புகள் வேறு. நடைமுறையில் கால் நொடியைத் தாண்டிவிடும். ஜோக்கர் அடித்த அடி உங்கள் திரையில் தெரியும்போது நீங்கள் ஏற்கெனவே அடிபட்டு விழுந்திருப்பீர்கள். 2008 ஜனவரி 30 அன்று எகிப்தின் அலெக்சாந்திரியா பக்கம் கடலடிக் கேபிள்கள் அறுந்து இந்திய இணையம் தள்ளாடியது நினைவிருக்கிறதா? அறுந்தவற்றில் ஒன்று, சென்னையிலும் கரையேறும் சீ-மீ-வீ 4. உலகம் முழுக்க ஒரே ஊர் என்கிற பேச்சு ஒரு நங்கூரத்தில் அறுந்துபோகக்கூடியது.

எல்லாவற்றுக்கும் மேல் கரண்ட். 2011 நவம்பர் 1 அன்று டிசி யுனிவர்ஸ் சந்தாவைத் தூக்கிவிட்டு இலவசம் ஆனது. ஏழைப் பையன்களும் நுழையலாம். அப்போதுதான் தமிழ்நாட்டு மின்வெட்டு உச்சத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. 2012ல் சென்னைக்கு வெளியே ஒரு நாளில் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லாத ஊர்கள் எத்தனையோ. ஒரு மணி நேரம் வரும், ஒரு மணி நேரம் போகும். எட்டுப் பேர் கூட்டணியில் குணப்படுத்தும் ஆள் நீங்கள் என்றால், கரண்ட் போன நொடியில் மற்ற ஏழு பேரும் காலி. ஷாக் அடித்தால்தான் மறையும் இரும்புக்கை மாயாவிகூட அந்த வருஷம் தமிழ்நாட்டில் பிழைத்திருக்க முடியாது :-)

ஆக, இந்தக் கதையில் நம் ஊர்க்காரன் வெளியே நின்று ஜன்னல் வழியாகப் பார்த்தவன்தான். அதே காலத்தில் இந்தியாவிலேயே கன்சோலுக்கு சூப்பர் ஹீரோ விளையாட்டு செய்யும் முயற்சிகளும் நடந்தன. 2009ல் ஹைதராபாத்தின் ஆரோனா டெக்னாலஜீஸ் 'ஹனுமான்: பாய் வாரியர்' என்று ப்ளேஸ்டேஷன் 2க்கு வெளியிட்டது. முழுக்க இந்தியாவிலேயே செய்த முதல் கன்சோல் விளையாட்டு என்று விளம்பரப்படுத்தினார்கள். கடவுளைக் கைப்பிடியால் ஆட்டுவிப்பதா என்று அமெரிக்காவிலிருந்து எதிர்ப்புக் குரலும் வந்தது. 2011 அக்டோபரில் ஷாருக் கானின் 'ரா ஒன்' படத்தோடு அதன் விளையாட்டும் ப்ளேஸ்டேஷனுக்கு வந்தது. இரண்டும் ஆன்லைன் உலகங்கள் அல்ல, தரமும் சுமார்தான். ஆனால் ஒரு நன்மை: அந்த டிஸ்க்கை இன்று போட்டாலும் ஓடும். இந்த நன்மையின் அருமை அடுத்து வருவதைப் படித்தால் புரியும்.

இலவசம் என்றதும் கூட்டம் சேர்ந்தது. ஆனால் இலவசத்துக்கும் கணக்கு உண்டு. ஆரம்பத்தில் காசு கட்டாத ஆளின் பாத்திரம் 1,500 டாலருக்கு மேல் (விளையாட்டுப் பணம்தான்) கையில் வைத்திருக்க முடியாது. மிச்சம் முடக்கத்தில் இருக்கும். கொள்ளைக்காரனைப் பிடித்து நீங்கள் சம்பாதித்த பணத்தை எடுக்க நிஜப் பணம் கட்ட வேண்டும்! பின்னாளில் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் திறக்கும் பெட்டிகளும் வந்தன. திருவிழாக் கடை ராட்டினச் சூதாட்டம் நினைவுக்கு வருகிறது. இருந்தாலும் இந்த வியாபார முறைதான் விளையாட்டைக் காப்பாற்றியது என்பதையும் சொல்ல வேண்டும். 2013 நவம்பரில் ப்ளேஸ்டேஷன் 4, 2016 ஏப்ரலில் எக்ஸ்பாக்ஸ் ஒன், 2019 ஆகஸ்டில் நிண்டெண்டோ ஸ்விட்ச் என்று பெட்டிக்குப் பெட்டி தாவியது. நடுவில் 2015ல் சோனி அந்த நிறுவனத்தையே விற்றுவிட, அது டேபிரேக் என்று பெயர் மாற்றிக்கொண்டது. 2020 டிசம்பரில் டேபிரேக்கை ஸ்வீடன் நிறுவனம் ஒன்று வாங்கியது. முதலாளிகள் மாறினாலும் கோத்தம் நகரத்தில் விளக்கு அணையவில்லை.

எல்லா நகரங்களுக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. சிட்டி ஆஃப் ஹீரோஸை மூடப்போவதாக 2012 ஆகஸ்ட் 31 அன்று என்சிசாஃப்ட் அறிவித்தது. ஆட்டக்காரர்கள் மனுப் போட்டார்கள், கெஞ்சினார்கள். பாரகன் நகரத் தெருவில் ஆயிரக்கணக்கான ஹீரோக்கள் கையில் தீப்பந்தத்தோடு கூடி நின்று எதிர்ப்புத் தெரிவித்தார்கள். நவம்பர் 30 அன்று சர்வரை அணைத்துவிட்டார்கள். எட்டரை வருட நகரம், ஒரே இரவு.

கன்சோலில் இதைவிடக் கொடுமை. 'மார்வெல் ஹீரோஸ்' என்ற ஆன்லைன் விளையாட்டு 2013ல் கணினிக்கு வந்து, 2017 ஜூன் இறுதியில் 'மார்வெல் ஹீரோஸ் ஒமேகா' என்று ப்ளேஸ்டேஷன் 4க்கும் எக்ஸ்பாக்ஸ் ஒன்னுக்கும் வந்தது. நவம்பர் 15 அன்று டிஸ்னி உறவை முறித்துக்கொள்வதாக அறிவித்தது. வருடக் கடைசி வரை ஓடும் என்று சொல்லப்பட்டது, நவம்பர் 27 அன்றே மூடிவிட்டார்கள். கன்சோலில் ஐந்து மாத ஆயுள். ஒரு செமஸ்டர் அளவு! டிசி யுனிவர்ஸின் ப்ளேஸ்டேஷன் 3 வடிவமும் 2018 ஜனவரி 31 அன்று நின்றது. அந்த ஹீரோக்கள் சாகவில்லை, அதே கணக்கில் ப்ளேஸ்டேஷன் 4ல் போய்ப் பார்க்கலாம். அதாவது, புதுப் பெட்டி வாங்க வசதி இருந்தால்.

எங்கள் பக்கத்தில் கங்கைகொண்ட சோழபுரம் இருக்கிறது. ராஜேந்திர சோழன் 11ம் நூற்றாண்டில் கட்டி, சுமார் 250 ஆண்டு தலைநகராக இருந்த ஊர். அரண்மனை அழிந்துவிட்டது. கோயில் மதில் கற்களையே 1836ல் வெள்ளைக்காரர்கள் கொள்ளிடத்தின் கீழணை கட்டப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். இருந்தும் மாளிகைமேட்டில் தோண்டினால் செங்கல் கிடைக்கிறது, கூரை ஓடு கிடைக்கிறது, சீனப் பானை ஓடு கிடைக்கிறது. அதை வைத்து இங்கே சுவர், இங்கே கால்வாய் என்று சொல்ல முடிகிறது. 2011ல் காசு கொடுத்து வாங்கிய ப்ளேஸ்டேஷன் 3 டிஸ்க்கைத் தோண்டி எடுத்தால் நகரத்தின் படங்கள் இருக்கும், குரல்கள் இருக்கும், ஆனால் கதவு திறக்காது. ஏனென்றால் நகரம் டிஸ்க்கில் இல்லை. யார் எங்கே நிற்கிறார்கள், எந்த எதிரி எப்போது வருவான், உங்கள் ஹீரோ யார் என்பதெல்லாம் நிறுவனத்தின் சர்வரில். நாம் வாங்கியது வீடு அல்ல, வாடகைச் சாவி. கெவின் கான்ராய் 2022 நவம்பரில் காலமானார். கார்ட்டூனில் அவர் பேசியது என்றைக்கும் இருக்கும். இந்த விளையாட்டில் பேசியது சர்வர் உள்ளவரை.

1972ன் இரும்புக்கை மாயாவியோ பழைய புத்தகக் கடையிலும் பரணிலும் கிடந்து, அட்டை கிழிந்து, கரையான் அரித்து, இன்றும் படிக்கும் நிலையில் இருக்கிறான். மறுபதிப்பும் வந்துவிட்டது. கோட்டையூர் ரோஜா முத்தையா என்ற விளம்பரப் பலகை ஓவியர், யாரும் மதிக்காத நோட்டீஸ், அழைப்பிதழ், பழைய பத்திரிகை என்று வாழ்நாள் முழுக்கச் சேர்த்து வைத்தார். அவர் மறைந்த பிறகு அதுவே 1994ல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக ஆனது. காகிதத்துக்கு இப்படி ஒரு மனிதர் போதும். சர்வரில் இருப்பதை ஒரு தனி மனிதர் எப்படிச் சேர்த்து வைப்பார்? 2010க்கு முன் அமெரிக்காவில் வெளிவந்த பழைய விளையாட்டுகளில் 87 சதவீதம் இன்று கடையில் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023ல் கணக்கெடுத்துச் சொன்னது. தனியாளாக ஆடும் விளையாட்டுகளையும் சேர்த்த கணக்கு அது. ஆன்லைன் உலகங்களின் நிலை அதைவிட மோசமாகத்தான் இருக்க முடியும்.

நிறுவனம் நினைத்தால் வேறு மாதிரியும் செய்யலாம் என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. 2020ல் வந்த 'மார்வெல்ஸ் அவெஞ்சர்ஸ்' ஓடவில்லை. 2023 செப்டம்பர் 30 அன்று விற்பனையை நிறுத்தினார்கள். ஆனால் அதற்கு முன்பே காசுக்கு விற்ற உடைகளை எல்லோருக்கும் திறந்துவிட்டு, வாங்கியவர்கள் தனியாளாகத் தொடர்ந்து ஆடும்படி வைத்துவிட்டுப் போனார்கள். 2024ல் யூபிசாஃப்ட் 'தி க்ரூ' என்ற கார் விளையாட்டின் சர்வரை அணைத்தபோது ராஸ் ஸ்காட் என்பவர் 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' என்ற இயக்கத்தைத் தொடங்கினார். ஐரோப்பிய ஒன்றியத்துக்கான அவர்களின் மனு 2025 ஜூலையில் 10 லட்சம் கையெழுத்தைத் தாண்டியது. கேட்பது இலவச சர்வர் அல்ல, மூடும்போது வாங்கியவன் ஆட ஏதாவது ஒரு வழி வைத்துவிட்டு மூடு என்பதுதான். கலிஃபோர்னியாவிலோ, வாடகைச் சாவிதான் என்று தெளிவாகச் சொல்லாமல் அதை 'வாங்குங்கள்' என்று விற்கக் கூடாது என்று 2025 தொடக்கத்திலிருந்து சட்டமே வந்துவிட்டது.

பாரகன் நகரத்துக்கு என்ன ஆனது என்று சொல்லவில்லையே. 2019 ஏப்ரலில் ஒரு ரகசியம் உடைந்தது. சர்வர் நிரலின் நகல் சிலரிடம் இருந்திருக்கிறது, சில ஆயிரம் பேர் வருடக்கணக்கில் சத்தமில்லாமல் ஆடிக்கொண்டிருந்திருக்கிறார்கள்! பெரிய சண்டை, பெரிய கோபம், "எங்களுக்கு மட்டும் ஏன் சொல்லவில்லை" என்று. பிறகு நிரல் வெளியே வந்தது. 'ஹோம்கமிங்' என்ற குழு நன்கொடையில் சர்வர் நடத்தத் தொடங்கியது. 2024 ஜனவரியில் என்சிசாஃப்ட் அந்தக் குழுவுக்கே முறைப்படி உரிமம் கொடுத்துவிட்டது. நகரத்தை மூடிய கையே சாவியைத் திருப்பிக் கொடுத்தது என்பது இந்த வரலாற்றில் அபூர்வம். ஆனால் இது கணினியில் நடந்தது. கணினியில் யார் வேண்டுமானாலும் ஒரு நிரலை ஓட்டலாம், வேறு சர்வரைக் காட்டி இணைக்கலாம். கன்சோல் பூட்டிய பெட்டி. உற்பத்தியாளர் கையெழுத்திட்ட நிரல் மட்டுமே ஓடும், அவர் வலையமைப்பின் வழியாகத்தான் வெளியே போகும். ஒமேகாவின் சர்வர் நிரலே நாளைக்கு யாராவது வெளியிட்டாலும், சாதாரண ப்ளேஸ்டேஷன் 4ல் அதை ஆட சோனியின் கதவு திறக்க வேண்டும்.

அடுத்த கட்டுரை காரை பகுதிப் புதைபடிவங்களைப் பற்றி. அதற்குள் வகுப்பில் யார் வீட்டுப் பரணிலாவது ராணி காமிக்ஸின் முதல் இதழ் 'அழகியைத் தேடி' இருந்தால் சொல்லுங்கள். படித்துவிட்டுப் பத்திரமாகத் திருப்பித் தருகிறேன்.